பொருளின் பண்பை யார் தொடலாம்? சின்ன நிரல் மொழிக்கு ஒரு முடிவு வேண்டும்

காண்டாவாளி (சுங்கை சிப்புட்) | சனி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் படிவம் 3 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். தொடக்கத்தில் ஆங்கிலச் சொற்களோடு முட்டியே பாதிப் பேர் சோர்ந்துபோகிறார்கள். அதனால் பைத்தான் என்ற நிரல் மொழியின் மேல் தமிழ்ச் சொற்களோடு ஒரு சின்ன மொழி கட்டினேன். எழில் என்ற தமிழ் நிரல் மொழி ஏற்கனவே இருக்கிறது. அதைப் பார்த்து வந்த துணிச்சல்தான் இது. நிபந்தனை, சுழற்சி, செயல் எல்லாம் முடிந்து இப்போது ஆப்ஜெக்ட் (பண்பு என்ற மதிப்புகளையும் அவற்றின் செயல்களையும் ஒன்றாகக் கட்டிய பொருள்) வரை வந்துவிட்டேன். இங்கேதான் சிக்கல்.

இன்றைய பாடத்துக்கு ரப்பர் பால் நிறுவையை எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளின் தாத்தா பாட்டி செய்த வேலை, வீட்டில் கேட்டால் சொல்வார்கள். பாலை ஸ்டோரில் நிறுப்பார்கள், கிராணி (தோட்டக் கணக்கர்) அதில் மெட்ரோலாக் என்ற அளவியை மிதக்க விட்டு எத்தனை சதவீதம் உலர் ரப்பர் என்று பார்ப்பார், இரண்டையும் பெருக்கினால் உலர் எடை. தண்ணீர் கலந்தால் பால் எடை ஏறும், உலர் எடை ஏறாது.

வகை வாளி
  பால்_எடை = 24
  சதவீதம் = 30
  உலர்_எடை = 7.2
முடி

இங்கே 'வகை' என்பது மற்ற மொழிகளில் கிளாஸ், ஆப்ஜெக்டை வார்க்கும் அச்சு. என்_வாளி அதிலிருந்து செய்த ஒரு வாளி. ஒரு மாணவன் கீழே ஒரே ஒரு வரி சேர்த்தான்:

என்_வாளி.உலர்_எடை = 9

மொழி ஒன்றும் சொல்லவில்லை. பால் 24 கிலோ, சதவீதம் 30, உலர் எடை 9 என்று அச்சடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனது. "அப்படிப் போடக்கூடாதுப்பா" என்றேன். "போடக்கூடாதுன்னா மொழி ஏன் சார் விட்டுச்சு?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்தும் அதே கேள்விதான் ஓடுகிறது.

ஜாவா மாதிரி பிரைவேட் (உள்ளே மட்டும்), பப்ளிக் (எல்லாருக்கும்) என்று வைப்பதா, பைத்தான் மாதிரி எல்லாவற்றையும் திறந்து விடுவதா? மொழி என் கையில் இருக்கிறது, எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கிராணிமகன் (பினாங்கு) | சனி, இரவு 10:15

அண்ணே, நான் பதினைந்து வருடமாக சி++ எழுதுகிறேன். என் ஓட்டு பிரைவேட்டுக்கு. காரணத்தை மட்டும் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பல பாடநூல்களே இதைத் தப்பாகச் சொல்கின்றன.

அப்பா தோட்டத்தில் கிராணி. யார் எந்த நாள் வேலை செய்தார் என்று பதியும் செக்ரோல் புத்தகம் ஒன்றும் ரகசியம் கிடையாது. விடிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது எல்லார் காதிலும் விழும். தண்டல் பார்ப்பார், துரை பார்ப்பார், கேட்டால் வேலையாளுக்கும் காட்டுவார்கள். பேனா மட்டும் ஒருவர் கையில். திருத்த வேண்டுமென்றால் அப்பா பழைய எண்ணின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் புதிய எண் எழுதி, சின்னக் கையெழுத்துப் போடுவார். மாதக் கடைசியில் கூட்டுத்தொகை இடித்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று எல்லாருக்கும் தெரியும். பிரைவேட் என்பது இந்தப் பொறுப்புத்தான். மூடி மறைப்பது அதன் வேலையே கிடையாது.

சி++ உருவாக்கிய ஸ்ட்ரூஸ்ட்ரப்பும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: இந்தக் காவல் கைதவறிச் செய்யும் பிழையைத் தடுக்க, வேண்டுமென்றே செய்யும் மோசடியைத் தடுக்க அல்ல. அதன் சரிபார்ப்பு கம்பைல் நேரத்தோடு (நிரலை ஓட்டுவதற்கு முன் கணினிக்கு மொழிபெயர்க்கும் கட்டத்தோடு) முடிந்துவிடுகிறது. ஓடும்போது நினைவகத்தில் எந்தப் பூட்டும் கிடையாது.

மேட்டுலயம் (கோலாலம்பூர்) | சனி, இரவு 11:02

நான் எதிர்க்கட்சி. பைத்தானில் பிரைவேட்டே இல்லை, உலகம் அழிந்துவிடவில்லை. பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடு போட்டால் "இது உள்விஷயம், தொடாதே" என்று பொருள். அது வழக்கம், சட்டம் கிடையாது. இரண்டு அடிக்கோடு போட்டால் பைத்தான் பெயரையே மாற்றி வைக்கும். வாளி என்ற கிளாஸுக்குள் __உலர்_எடை என்று எழுதினால் வெளியே அது _வாளி__உலர்_எடை ஆகிவிடும். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்பதால் இதை நீங்களே இப்போது சோதித்துப் பார்க்கலாம். இதுவும் பூட்டு இல்லை. இந்தக் கிளாஸிலிருந்து கிளையாகப் பிறக்கும் கிளாஸ் அதே பெயரை வைத்துக்கொண்டு மோதாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் காலத்தில் உள்ளே கை விட்டுப் பார்க்க வேண்டும் அண்ணே. எதைத் தொட்டாலும் "அனுமதி இல்லை" என்று கத்துகிற மொழியைக் கொடுத்தால் பயந்துதான் எழுதுவார்கள்.

இன்னொன்று: பைத்தானில் இன்று சாதாரணப் பண்பாக விட்டதை நாளைக்கு @ப்ராப்பர்டி போட்டு ஒரு செயலாக மாற்றலாம். கூப்பிடுகிறவர் நிரலில் ஒரு எழுத்தும் மாறாது. ஜாவாவில் அந்த வசதி இல்லாததால்தான் முதல் நாளே எல்லாவற்றுக்கும் கெட்டர் (மதிப்பைப் படித்துத் தரும் செயல்), செட்டர் (மதிப்பை மாற்றும் செயல்) எழுதி வைக்கிறார்கள்.

செம்பனைஅக்கா (சுங்கை சிப்புட்) | ஞாயிறு, காலை 7:30

தம்பி மேட்டுலயம் கெட்டர் செட்டர் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் சம்பளக் கணக்கு நிரல் ஜாவாவில் இருந்தது. ஒரே கிளாஸில் அறுபது பண்பு. அறுபதும் பிரைவேட். அறுபதுக்கும் கெட்டர், அறுபதுக்கும் செட்டர். மொத்தச் சம்பளத்துக்கும் செட்டர், பிடித்தத்துக்கும் செட்டர், கைக்கு வரும் தொகைக்கும் தனியாக ஒரு செட்டர். யாரோ ஒருவர் வேறு ஃபைலிலிருந்து பிடித்தத்தை மாற்றினார், கைத்தொகையை மாற்ற மறந்துவிட்டார். சீட்டில் மூன்று எண்ணும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. வேலையாள் சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, விரலை ஒவ்வொரு எண் மேலும் வைத்துக் கழித்துக் காட்டினார். அவர் கணக்கு சரி. எங்கள் கணினிதான் தப்பு. இருபத்தேழு இடத்தில் அந்த செட்டரைக் கூப்பிட்டிருந்தார்கள். எது செய்தது என்று தேட இரண்டு நாள்.

காகிதத்தில் பார்த்தால் எல்லாமே பிரைவேட். உண்மையில் ஒன்றுமே பிரைவேட் இல்லை. வேலி போட்டு நாலடிக்கு ஒரு கதவு வைத்தால் மாடு வராமலா இருக்கும்?

இப்போது செம்பனைக் குலை வாங்குகிற ஒரு ரேம்ப்புக்குக் கணக்கு எழுதிக்கொடுக்கிறேன். லாரி பழத்தோடு ஏறும், ஒரு எடை. கொட்டிவிட்டு வெறும் லாரியாக ஏறும், இன்னொரு எடை. கழித்தால் நிகர எடை. நிகர எடை என்று ஒரு பண்பை நான் சேமித்து வைப்பதே இல்லை. கேட்கும்போது கழித்துச் சொல்லும். சேமிக்காததை யாரும் கெடுக்க முடியாது. உங்கள் உலர்_எடையும் அப்படித்தான் இருக்க வேண்டும் தம்பி. அந்தப் பையன் 9 என்று போட்ட இடமே இருந்திருக்கக் கூடாது.

அப்புறம், பார்ப்பதையும் மாற்றுவதையும் ஒரே பூட்டில் கட்டாதீர்கள். பல மொழிகள் இந்த இடத்துக்குத் தாமதமாகத்தான் வந்தன. சி ஷார்ப்பில் 2005 முதல் எல்லாரும் படிக்கலாம், உள்ளே மட்டும் எழுதலாம் என்று வைக்க முடிகிறது. ஸ்விஃப்டில் பிரைவேட்(செட்) உண்டு. பிஎச்பியில் 2024இல் 8.4 வந்த பிறகுதான் கிடைத்தது. அந்த ஒரு வசதிக்காகவே நான் சர்வரை மேம்படுத்தினேன்.

கங்சார்கரை (கோலகங்சார்) | ஞாயிறு, காலை 9:12

அக்கா சொன்ன "பார்க்கலாம், மாற்ற முடியாது" என்றதும் எங்கள் ஊர் ரப்பர் மரம்தான் நினைவுக்கு வந்தது. 1877இல் இங்கே நட்ட ஒன்பது மரங்களில் மிஞ்சியது அது ஒன்றுதான், சுற்றி வேலி. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், படம் பிடிக்கலாம். கத்தி போட முடியாது.

இழைக்கு வருகிறேன். கோ மொழியைப் பின்பற்ற நினைத்தால் வேண்டாம். அங்கே பெயரின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருந்தால் பேக்கேஜுக்கு (நிரல் தொகுப்புக்கு) வெளியே தெரியும், சின்ன எழுத்தானால் தெரியாது. ஆங்கிலத்துக்கு அழகான ஏற்பாடு, தனிச் சொல்லே வேண்டாம். ஆனால் தமிழில் பெரிய எழுத்து ஏது? தமிழில் தொடங்கும் பெயரை வெளியே காட்டவே முடியாது. போதாததற்கு, கோவின் விதிப்படி பெயரில் வரக்கூடியவை யூனிகோடு எழுத்துகள், இலக்கங்கள், அடிக்கோடு. நம் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் யூனிகோடு எழுத்து என்ற வகையில் சேர்க்கவில்லை. அதனால் "மர" என்று பெயர் வைக்கலாம், "மரம்" என்று வைக்க முடியாது. "எடை" முடியாது. நான் நேரில் போட்டுப் பார்த்து மனம் வெறுத்துப்போனது. ஒரு மொழியின் அனுமதி விதி எழுத்துருவத்தின் மேல் நின்றால், அந்த எழுத்து இல்லாதவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

காண்டாவாளி | ஞாயிறு, பகல் 1:20

இது எனக்குத் தெரியாது, நன்றி. அப்படியானால் தனிச் சொல்தான் வைக்க வேண்டும், பெயரின் உருவத்தில் எதையும் ஒளிக்கக் கூடாது. அடிக்கோடும் அதே வகைதான், பிள்ளைகள் இரண்டு சொல்லை இணைக்க ஏற்கனவே அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அக்கா, உலர்_எடையைக் கணித்துச் சொல்லும் பண்பாக மாற்றிவிட்டேன், அரை மணி நேர வேலை. ஆனால் பால்_எடையும் சதவீதமும் சேமிக்க வேண்டியவை. அவற்றை யார் மாற்றலாம்? "உள்ளே" என்றால் எதற்கு உள்ளே? அந்த ஒரு வாளிக்குள்ளா, வாளி என்ற வகை முழுவதற்குமா, ஃபைலுக்குள்ளா?

பழையஸ்டோர் (ஈப்போ) | ஞாயிறு, மாலை 5:48

தம்பி, சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். மொழிகள் உண்மையில் பிரிகிற இடம் இதுதான். எனக்கு வயது அறுபத்து மூன்று, ஸ்மால்டாக் என்ற பழைய நிரல் மொழியில் எழுதிப் பழகியவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஆப்ஜெக்ட் என்ற எண்ணத்தையே கொண்டுவந்த சிமுலா 67இல் மறைக்க வழியே இல்லை. நார்வேயில் டாலும் நிகார்டும் செய்த மொழி அது. மறைக்கும் சொற்கள் எழுபதுகளில்தான் சேர்ந்தன. இடையில் 1972இல் கணினி அறிஞர் பர்னாஸ் ஒரு கட்டுரை எழுதினார்: நிரலைப் பிரிக்கும்போது வேலையின் வரிசைப்படி பிரிக்காதே, நாளைக்கு மாறக்கூடிய முடிவு எது என்று பார், ஒவ்வொரு பகுதியும் அப்படி ஒரு முடிவைத் தனக்குள் வைத்துக்கொள்ளட்டும் என்றார். எழுபதுகளில் லிஸ்கோவின் சிஎல்யு மொழி அதைக் கம்பைலரே காவல் காக்கும்படி செய்து காட்டியது.

ஸ்மால்டாக்கில் எல்லை அந்த ஒரு ஆப்ஜெக்ட்தான். ஒரு வாளி இன்னொரு வாளிக்குள் எட்டிப் பார்க்க முடியாது, இரண்டும் ஒரே கிளாஸாக இருந்தாலும். கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஜாவா, சி++ இரண்டிலும் எல்லை கிளாஸ். ஒரு வாளிக்குள் எழுதிய நிரல் வேறு எந்த வாளியின் பிரைவேட்டையும் திறக்கலாம். ரஸ்ட் மொழியில் எல்லை மாட்யூல், அதாவது நிரலின் ஒரு பகுதி.

எது உங்களுக்கு ஏற்றது? ஸ்டோரில் நடப்பதையே பாருங்கள். இரண்டு வாளிப் பாலைக் கலக்க வேண்டும். ஒன்றில் 24 கிலோ, 30 சதவீதம். மற்றதில் 16 கிலோ, 35 சதவீதம். மாணவன் சதவீதங்களைக் கூட்டி இரண்டால் வகுத்து 32.5 என்று போடுவான். தப்பு. உலர் எடை 7.2ம் 5.6ம் சேர்ந்து 12.8. மொத்தப் பால் 40. சதவீதம் 32. இந்தக் கணக்கை "கலக்கு" என்ற ஒரே செயலுக்குள் ஒரு முறை சரியாக எழுத வேண்டும். அந்தச் செயல் தன் எடையை மாற்ற வேண்டும், மற்ற வாளியை வெறுமையாக்கவும் வேண்டும். இரண்டு வாளியையும் தொட வேண்டியிருப்பதால் கிளாஸ் எல்லைதான் வசதி. ஸ்மால்டாக் எனக்குப் பிடித்த மொழி. ஆனாலும் உங்கள் பாடத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சதவீதத்துக்குத் தனி செட்டர் கொடுக்கவே கூடாது என்பதும் இதிலேயே வந்துவிட்டது பாருங்கள். ஊற்று, அள, கலக்கு. மூன்றே செயல். கிராணி செய்கிற வேலையும் அவ்வளவுதான்.

ஐஃபெல் மொழியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதை உருவாக்கிய மெயர் அதில் வைத்த விதி: சேமித்த பண்பானாலும் கணித்த மதிப்பானாலும் கேட்கிற விதம் ஒன்றே. வெளியிலிருந்து நேராக மதிப்புப் போட முடியாது, அந்த ஆப்ஜெக்ட் அதற்கென வழி கொடுத்திருந்தால் ஒழிய. செம்பனை அக்கா தன் அனுபவத்தில் கண்டுபிடித்தது எண்பதுகளிலேயே ஒரு மொழியின் அடித்தளமாக இருந்தது.

செம்பனைஅக்கா | ஞாயிறு, இரவு 8:05

ஐயா, அந்த 32.5 இங்கே எத்தனை பேர் போட்டிருப்பார்கள்! நானும் மனக்கணக்கில் அதைத்தான் போட்டேன், பிறகுதான் விளங்கியது.

கிராணிமகன் | ஞாயிறு, இரவு 9:30

ஐயா சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். கிளையில் வரும் வகைகளுக்கு மட்டும் திறந்துவிடும் புரொடெக்டெட் வைக்கலாமா என்று யாராவது கேட்டால், என் பதில் வேண்டாம். சி++இல் அது மார்க் லிண்டன் கேட்டுக்கொண்டதால் சேர்ந்தது. சில வருடம் கழித்து அவரே தன் இன்டர்வியூஸ் என்ற நிரல் நூலகத்தில் புரொடெக்டெட் பண்புகளைத் தடை செய்துவிட்டார். யார் வேண்டுமானாலும் கிளை எடுக்கலாம் என்றால், திறந்தே வைத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஒரு எச்சரிக்கை. படிப்பதை எல்லாருக்கும் திறந்தால் அதற்கும் விலை உண்டு. எல்லாரும் பால்_எடை என்ற பெயரைப் பிடித்துக்கொள்வார்கள். நாளைக்கு கிலோவிலிருந்து லிட்டருக்கு மாற நினைத்தால் முடியாது. பர்னாஸ் சொன்ன "மாறக்கூடிய முடிவு" வெளியே கசிந்துவிடும்.

மேட்டுலயம் | திங்கள், காலை 6:50

நான் இன்னும் மசியவில்லை. எவ்வளவு இறுக்கினாலும் ஆள் ஓட்டை போடுவான். ஜாவாவில் ரிஃப்ளெக்ஷன் (ஓடும் நிரல் கிளாஸின் உள்ளமைப்பையே எட்டிப் பார்க்கும் வசதி) வழியாக பிரைவேட்டைத் திறந்து ஏராளமான நூலகங்கள் பிழைத்தன. 2017இல் ஜாவா 9 மாட்யூல் கொண்டுவந்து, ஜேடிகே என்ற ஜாவா கருவித் தொகுப்பின் உள்பகுதிகளை மூட ஆரம்பித்தார்கள், 2021இல் ஜாவா 17 வந்தபோதுதான் முழுக்க அடைத்தார்கள். அதற்குள் எத்தனை பேர் நிரல் உடைந்தது! டைப்ஸ்கிரிப்டின் பிரைவேட் ஓடும்போது காணாமலே போய்விடுகிறது.

செம்பனைஅக்கா | திங்கள், காலை 7:15

அது உண்மைதான் தம்பி. அதனால்தான் ஜாவாஸ்கிரிப்டிலேயே # போட்டு எழுதும் பண்பு 2022 பதிப்பில் வந்தது. அது நிஜமாகவே திறக்காது. எனக்கு ஒரு இடத்தில் அதுவும் தொல்லை. ஆப்ஜெக்டைச் சுற்றி ப்ராக்ஸி என்ற இடைப்பொருளைப் போர்த்தினால், அந்தப் போர்வை வழியாகக் கூப்பிட்டதும் # பண்பு பிழை எறிகிறது. ஆனால் யாரோ நூலகத்தை உடைத்தார்கள் என்பதற்காகப் பையனுக்கு 9 போட வழி விட்டுவைக்கலாமா? அவன் மோசடி செய்யப் போகவில்லை. கை போன பக்கம் எழுதினான். அப்போது நிறுத்திச் சொல்ல ஒருவர் வேண்டும்.

காண்டாவாளி | புதன், இரவு 10:40

மூன்று நாள் உட்கார்ந்து எழுதி முடித்தேன். எல்லாப் பண்பையும் எங்கிருந்தும் படிக்கலாம். மாற்றுவது அந்த வகையின் 'வகை', 'முடி' என்ற இரண்டு சொல்லுக்கும் நடுவில் எழுதிய செயல்களுக்கு மட்டும். இதுவே இயல்பு, தனிச் சொல் எதுவும் எழுத வேண்டாம். "கணிப்பு" என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறேன், அதில் வருவதைச் சேமிக்காது. புரொடெக்டெட் இல்லை. கிராணிமகன் சொன்ன விலை புரிகிறது. நூலகம் எழுதுகிறவர்களுக்கான மொழியாக இருந்தால் படிப்பதையும் மூடியிருப்பேன். என் பிள்ளைகள் உள்ளே பார்த்துத்தான் கற்க வேண்டும், அதில் மேட்டுலயம் சொன்னதே எனக்குச் சரி.

வகை வாளி
  பால்_எடை = 0
  சதவீதம் = 0
  கணிப்பு உலர்_எடை = பால்_எடை * சதவீதம் / 100
  செயல் கலக்கு(மற்றது)
  ...
முடி

அதிக நேரம் எடுத்தது பிழைச் செய்திக்குத்தான். "அனுமதி மறுக்கப்பட்டது" என்று முதலில் எழுதினேன். படித்துப் பார்த்தால் காவல் நிலையம் மாதிரி இருந்தது. இப்போது இப்படி வருகிறது:

வரி 12: சதவீதத்தை இங்கிருந்து மாற்ற முடியாது, படிக்கலாம். வாளியில் அதை மாற்றும் செயல்கள்: ஊற்று, அள, கலக்கு.

படிவம்4 (சுங்கை சிப்புட்) | சனி, பகல் 12:30

சார், நான்தான் 9 போட்டவன். இன்றைக்கு வகுப்பில் மறுபடியும் போட்டுப் பார்த்தேன், நின்றுவிட்டது. செய்தியும் விளங்கியது, அள என்று எழுதினேன், வேலை செய்தது.

ஆனால் சார், செக்ரோல் என்ற வகையில் வரிகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறீர்கள். அதற்கு நேராக மதிப்புப் போட்டால் தடுக்கிறது. நான் செக்ரோல்.வரிகள்.சேர்("ஞாயிறு", 1) என்று எழுதினேன். தடுக்கவில்லை. நான் ஒரு நாள் கூடுதலாக வேலை செய்ததாகப் பேர் விழுந்துவிட்டது.

பழையஸ்டோர் | சனி, பகல் 1:05

தம்பி படிவம்4, நல்ல கண் உனக்கு. ஜாவாவில் பல வருடம் எழுதியவர்களும் இதில் விழுவார்கள். பண்பைத்தான் பூட்டியிருக்கிறது, அது பிடித்திருக்கும் பட்டியலைப் பூட்டவில்லை. படிக்கக் கொடுத்தாலே மாற்றக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது.

காண்டாவாளி | சனி, பகல் 2:20

இது எனக்குத் தோன்றவே இல்லை. வெளியே கொடுக்கும்போது நகல் கொடுக்கலாம், பெரிய பட்டியலானால் மெதுவாகும். சேர், நீக்கு இல்லாத படிக்க மட்டுமான ஒரு பட்டியலைக் கொடுக்கலாம், அப்போது ஒவ்வொரு வகைக்கும் அப்படி ஒன்று வேண்டும். இரண்டையும் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தம்பி, அடுத்த சனி 9 மணிக்கே வா. வகுப்பு 10 மணிக்குத்தான். அதற்கு முன் நீயும் நானும் உட்கார்ந்து எழுதுவோம். செக்ரோல் நிரலைப் பென் டிரைவில் மறக்காமல் எடுத்து வா, அந்த ஞாயிற்றுக்கிழமை வரியை அழிக்காமல் அப்படியே வை.